ஷேவிங் செட்டும் உப்புத் தண்ணீரும்: சென்னை மேற்குப் புறநகரில் சவரக்கருவியின் வரலாறு

பல துண்டுகளாகக் கழற்றி மாட்டக்கூடிய பாதுகாப்புச் சவரக்கத்தி தமிழ்நாட்டில் ‘ஷேவிங் செட்’ என்ற பெயரில் அறியப்படுகிறது. தலைமூடி, அடித்தட்டு, கைப்பிடி ஆகிய மூன்று துண்டுகளும், அவற்றின் நடுவில் வைக்கப்படும் இருபுறமும் கூருள்ள பிளேடும் சேர்ந்ததே இக்கருவி. அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான இது, சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளில் வேறொரு சூழலைச் சந்தித்தது. இப்பகுதிகளில் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினத்தன்மை கொண்டது. மக்கள் வழக்கில் அது ‘உப்புத் தண்ணி’. நுரை வராமை, சவரக்கத்தி அடைத்துக்கொள்ளுதல், திருகு இறுகிப்போதல் ஆகியவற்றுக்குப் பிளேடையே குறை சொல்வது வழக்கம். பல நேரங்களில் காரணம் தண்ணீர்தான். சவரக்கருவியின் வரலாற்றையும் இப்பகுதியின் நீர் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

அடைப்பமும் கிண்ணமும்

சவரம் தமிழகத்துக்குப் புதியதன்று. திருக்குறளின் 280ஆம் குறள், தலையை மழிப்பதையும் சடை வளர்ப்பதையும் துறவின் புற அடையாளங்களாகக் குறிப்பிடுகிறது. சவரத்தொழில் செய்தோர் ஊர்தோறும் வீடுகளுக்குச் சென்றும் மரத்தடியில் அமர்ந்தும் பணியாற்றினர். இச்சமூகத்தினர் நாட்டு மருத்துவத்திலும் ஈடுபட்டதால் ‘மருத்துவர்’ என்ற பெயரும் அவர்களுக்கு உண்டு. சமூகப் பெண்கள் பலர் பேறுகாலத்தில் மருத்துவச்சிகளாக இருந்தனர்.

அவர்களுடைய கருவிப்பைக்கு ‘அடைப்பம்’ என்று பெயர். மடக்குக் கத்தி, கத்திரி, சாணைக்கல், தோல்வார், சிறு கண்ணாடி, நகவெட்டி ஆகியவற்றோடு ஒரு சிறு கிண்ணமும் அதில் இருக்கும். கிண்ணத்துத் தண்ணீரை விரலால் தொட்டு முகத்தில் தேய்த்துத் தேய்த்து முடியை ஊறவைத்து, சோப்பு இல்லாமலே மழிப்பது பழைய முறை. கத்தியில் ஒட்டிய முடியைத் துடைத்துவிட்டுத் தோல்வாரில் தீட்டிக்கொள்வார்கள். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சவரம் என்ற பழக்கம் ஷேவிங் செட் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. பின்னாளில் கருவிகள் மாறினாலும் இந்தப் பழக்கம் எளிதில் மாறவில்லை.

பாதுகாப்புச் சவரக்கத்தியின் தோற்றம்

மடக்குக் கத்தியைத் தானே பிடித்துச் சவரம் செய்துகொள்ளப் பயிற்சி வேண்டும். சற்று தவறினாலும் காயம் ஆழமாகும். இதற்குத் தீர்வாக, பாரிசில் கத்தி செய்யும் தொழிலாளரான ஜான் ஜாக் பெரே 1760களில் கத்தியின் கூர்முனைக்கு மரத்தால் ஒரு காப்பு அமைத்தார். 1847இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்சன், மண்வெட்டியைப் போலக் கைப்பிடிக்குக் குறுக்காகக் கத்தி அமைந்த வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1880இல் நியூயார்க்கின் காம்ஃபே சகோதரர்கள் கம்பிக்காப்பு உடைய ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். இவற்றில் எல்லாம் கத்தியை அடிக்கடி தீட்டவேண்டியிருந்தது.

தீட்டவே தேவையில்லாத, தேய்ந்ததும் எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளேடு என்ற எண்ணம் அமெரிக்க விற்பனைப் பிரதிநிதியான கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு 1895இல் தோன்றியது. தாள்போன்ற மெல்லிய எஃகை வளையாமல் கடினப்படுத்த முடியாது என்று பலர் கூறிய நிலையில், பொறியாளர் வில்லியம் நிக்கர்சன் அதற்கு வழி கண்டார். 1901இல் நிறுவனம் தொடங்கப்பட்டது. விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டில் விற்றவை 51 சவரக்கத்திகளும் 168 பிளேடுகளும் மட்டுமே. 1904 நவம்பர் 15 அன்று காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப்போரின்போது அமெரிக்க அரசு தன் படைவீரர்களுக்காக 35 லட்சம் சவரக்கத்திகளையும் 3.6 கோடி பிளேடுகளையும் வாங்கியது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தையும் கொண்டுசென்றனர்.

மூன்று துண்டுகளின் பயன்

ஜில்லெட்டின் முதல் வடிவம் மூன்று துண்டுகளால் ஆனது. பிளேடு மிக மெல்லியது என்பதால் தனியாக நின்றால் அதிரும். தலைமூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் வைத்துக் கைப்பிடியைத் திருகும்போது பிளேடு சற்றே வில்லாக வளைந்து விறைப்பாகிறது. தோலுக்கும் கூர்முனைக்கும் உள்ள கோணத்தையும் இந்த வளைவே தீர்மானிக்கிறது. அடித்தட்டின் விளிம்பு சீப்புப்போல் பற்களுடனோ, நேரான பட்டையாகவோ இருக்கும். பற்கள் உள்ளதில் நுரையும் முடியும் வெளியேற இடம் அதிகம்.

1930களில் கைப்பிடியின் அடியைத் திருகினால் தலைப்பகுதி இரு கதவுகள்போல் திறந்துகொள்ளும் வகை வந்தது. பிளேடு மாற்ற இது வசதியானது. ஆனால் அதன் உள்ளே கம்பியும் கீல்களும் உண்டு; அவற்றைக் கழற்றிக் கழுவ முடியாது. மூன்று துண்டு வகையில் ஒவ்வொரு பரப்பையும் விரலால் தொட்டுத் தேய்க்கலாம். நல்ல நீர் ஓடும் குழாயடியில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில்தான் தெரியும்.

இந்தியாவில் பிளேடு

தொடக்கக்காலப் பிளேடுகள் கார்பன் எஃகால் ஆனவை. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். சிக்கனம் கருதிப் பழைய பிளேடைக் கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் தேய்த்து மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வில்கின்சன் சுவார்டு நிறுவனம் மேற்பூச்சுடைய துருவுறா எஃகுப் பிளேடை வெளியிட்டது. ஒரு பிளேடு பல நாள் நீடிக்கத் தொடங்கியது அதன்பிறகே.

விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் மல்ஹோத்ரா குடும்பத்தினரின் நிறுவனங்கள் பிளேடுத் தொழிலில் முன்னணியில் இருந்தன. டோபாஸ், சூப்பர்மாக்ஸ் ஆகியவை அக்குடும்ப நிறுவனங்கள் மூலம் வந்த பெயர்கள். 1984இல் ஜில்லெட்டின் பங்கேற்புடன் இந்தியன் ஷேவிங் பிராடக்ட்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் ஆலை ராஜஸ்தானின் பிவாடியில் அமைந்தது.

சலூன்களில் மாற்றம் வேறொரு காரணத்தால் விரைவுபட்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. மருத்துவர்கள் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வு இதை வெளிக்கொணர்ந்தது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. விழிப்புணர்வு பரவப் பரவ, எல்லாருக்கும் ஒரே கத்தி என்ற நிலை மாறியது. இருபுறக் கூர் பிளேடை இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் கைப்பிடியில் செருகி ஒருவருக்கு மட்டும் பயன்படுத்தும் முறை நிலைபெற்றது. ‘புது பிளேடு போடுங்க’ என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமையாயிற்று.

ஏரிகள் அருகில், நீர் தொலைவில்

மேற்குப் புறநகர் ஏரிகள் நிறைந்த பகுதி. பூந்தமல்லிக்கு அருகில் செம்பரம்பாக்கம், அம்பத்தூருக்கு அருகில் புழல், இவை தவிர அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி ஏரிகளும் உண்டு. ஏரியில் தேங்குவது பெரும்பாலும் மழைநீர். ஆகவே அது ஒப்பளவில் மென்மையானது. ஆனால் பெரிய ஏரிகளின் நீர் நெடுங்காலமாகச் சென்னை மாநகருக்கே சென்றது. புழல் ஏரி நீரை நகருக்குக் கொண்டுவரும் திட்டம் 1872இல் நடைமுறைக்கு வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் அமைந்தது. 2007இல் செம்பரம்பாக்கத்தில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் செயல்படத் தொடங்கியது.

ஏரிக்கரையை ஒட்டிய ஊர்களோ கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பின. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. வேலை தேடி வந்தவர்களுக்காக வீட்டுமனைகள் பெருகின. மனை வாங்கியவர் வீடு கட்டும் முன் செய்யும் முதல் வேலை ‘போர்’ போடுவதாயிற்று. குழாய்நீர் வலையமைப்பு குடியிருப்புகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. அதற்குள் இரண்டு மூன்று தலைமுறையினர் போர் தண்ணீரிலேயே முகம் கழுவிப் பழகிவிட்டனர்.

நிலத்துக்குள் இறங்கும் மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சற்று அமிலத்தன்மை பெறுகிறது. பாறை, களி, சுண்ணக்கட்டி ஆகியவற்றின் ஊடே செல்லும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்தெடுக்கிறது. எவ்வளவு காலம் நிலத்துக்குள் தங்குகிறதோ, பொதுவாக அவ்வளவுக்குக் கடினத்தன்மை கூடும். அதனால்தான் ஒரே தெருவில் ஒரு வீட்டுக் கிணறு நன்றாகவும் அடுத்த வீட்டுப் போர் உப்பாகவும் இருக்கக்கூடும்.

இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. மாற்று நீராதாரம் இல்லாவிட்டால் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. உப்புச் சுவையும் கடினத்தன்மையும் ஒன்றல்ல. சுவையைத் தருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. சோப்பைக் கெடுப்பது கால்சியமும் மக்னீசியமும். சென்னைப் பகுதியில் இரண்டும் சேர்ந்தே வருவதால் மக்கள் இரண்டையும் ‘உப்பு’ என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றனர். தண்ணீர்ச் சுத்திகரிப்புக் கருவி விற்பவர்கள் காட்டும் பேனாபோன்ற டி.டி.எஸ். மீட்டர், கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்தே மதிப்பிடும். கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது.

சவரக் குவளையில் நடப்பது

சோப்பும் பெரும்பாலான சவரக் கிரீம்களும் கொழுப்பு அமிலங்களின் சோடியம் அல்லது பொட்டாசியம் உப்புகளே. கடின நீரில் உள்ள கால்சியம் இவற்றோடு சேர்ந்து, திரிந்த பால்போல் வெண்மையான, நீரில் கரையாத படிவைத் தருகிறது. நீரிலுள்ள கால்சியம் தீர்ந்தபிறகே சோப்பு நுரைக்கத் தொடங்கும். ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிளார்க் 1841இல் இதையே ஒரு சோதனையாக்கினார். நிலையான நுரை வரும்வரை எவ்வளவு சோப்புக் கரைசல் செலவாகிறது என்று அளந்தால் நீரின் கடினத்தன்மை தெரிந்துவிடும்.

லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரை எடுத்துக்கொள்வோம். 200 மில்லிலிட்டர் குவளையில் உள்ள அந்த நீர், கணக்கின்படி ஏறக்குறைய முக்கால் கிராம் சோப்பைப் படிவாக மாற்றும் ஆற்றல் கொண்டது. சவரத்தின் முடிவில் குவளையின் மேல் மிதக்கும் சாம்பல்நிறத் திரை இதுதான். வெட்டுண்ட முடிகளோடு சேர்ந்து பிசின்போலாகி, பிளேடுக்கும் தட்டுக்கும் இடையில் ஒட்டிக்கொள்வதும் இதுவே.

இரண்டாவது பாதிப்பு சவரம் முடிந்தபின் நிகழ்கிறது. கருவியில் 0.1 மில்லிலிட்டர் நீர் தங்கி உலர்ந்தால், அந்தத் துளி விட்டுச்செல்லும் கடின உப்பு 0.06 மில்லிகிராம் அளவே. நாள்தோறும் இப்படி நடந்தால் ஆண்டுக்குச் சுமார் 22 மில்லிகிராம். கேட்பதற்குச் சிறிய அளவு. ஆனால் அது சேருவது திருகு இழையின் இடுக்கிலும் பிளேடு அமரும் விளிம்பிலும்தான். இழையில் காரை பிடித்தால் கைப்பிடி முழுதும் இறுகாது. விளிம்பில் பிடித்தால் பிளேடு ஒரு பக்கம் தூக்கி நிற்கும். அந்தப் பக்கம் முகத்தைக் கீறும்.

குழாயை நம்பிய வடிவமைப்பு

கருவியை உருவாக்கியவர்கள் இந்தக் குவளையைப் பார்க்கத் தவறிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2002இல் ஜில்லெட் நிறுவனம் இந்தியாவுக்காக ஒரு இரட்டைப் பிளேடு சவரக்கத்தியை வெளியிட்டது. முடி அடைத்துக்கொண்டால் தள்ளிவிட ஒரு சிறு பிளாஸ்டிக் தண்டும் அதில் இருந்தது. வெளியீட்டுக்கு முன் அதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் படித்த இந்திய மாணவர்களிடம் சோதித்தனர். நல்ல கருத்துகளே வந்தன. இந்தியாவில் கருவி தோல்வியடைந்தது. மாணவர்களின் விடுதியில் குழாய்நீர் ஓடியது. இந்தியாவில் பலரிடம் இருந்ததோ ஒரு குவளைத் தண்ணீர். குவளையில் முக்கி ஆட்டினால் அந்த அடைப்பு நீங்கவில்லை.

பின்னர் ஆய்வாளர்கள் இந்திய வீடுகளுக்கே வந்து மக்கள் சவரம் செய்வதை நேரில் பார்த்தனர். தரையில் அமர்ந்து, சிறு கண்ணாடி வைத்து, குறைந்த வெளிச்சத்தில், ஒரு கிண்ண நீரில் சவரம் நடப்பதை அறிந்தனர். அதன் விளைவாக 2010இல் ஜில்லெட் கார்டு வெளிவந்தது. ஒரே பிளேடு, குறைவான பாகங்கள், குவளை நீரில் எளிதில் அலசும்படி அகலமான திறப்புகள் ஆகியவை அதன் இயல்புகள். அறிமுக விலை 15 ரூபாய். மாற்றுப் பிளேடு 5 ரூபாய். அடைப்பத்தின் கிண்ணம் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் வடிவமைப்பை இப்படி மாற்றியது.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கடின நீர்ப் பகுதிக்குக் கருவி வாங்குவோர் கீழ்க்கண்டவற்றைக் கவனிப்பது நல்லது.

- முழுவதும் கழற்றக்கூடிய மூன்று துண்டு வகை அலசுவதற்கு எளிது. கதவுபோல் திறக்கும் வகையில் உள்ளே காரை பிடித்தால் அகற்றுவது கடினம்.
- இழையைக் கடையிலேயே திருகிப் பார்க்க வேண்டும். இடையில் சிக்காமல் கடைசிவரை சீராக ஓட வேண்டும். அம்பத்தூர் லேத் பட்டறைகளில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.
- பித்தளையும் துருவுறா எஃகும் நீடித்து உழைக்கும். துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோமியம் பூசிய கருவி விலை குறைவு. ஆனால் பூச்சு உரிந்தால் உள்ளிருக்கும் உலோகம் அரிக்கும்.
- பிளேடு மாட்டியபின் இரு புறமும் கூர்முனை ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று நேராகப் பார்க்க வேண்டும்.
- மூன்று, ஐந்து பிளேடுகள் அடுக்கிய தலைகளில் இடைவெளி குறுகலானது. குவளை நீரில் அவை விரைவில் அடைத்துக்கொள்ளும்.

அலசும் முறை

இரண்டு குவளை முறை இப்பகுதிக்கு ஏற்றது. முதல் குவளையில் வழக்கமான தண்ணீர்; சவரத்தின் நடுவே கருவியை அதில் பக்கவாட்டில் ஆட்டி அலசலாம். இரண்டாவது குவளையில் அரை டம்ளர் மென்மையான நீர். நுரை கலக்கவும் கடைசி அலசலுக்கும் அதிலிருந்து எடுக்கலாம். நிமிடத்துக்கு 6 லிட்டர் வரும் குழாயை 5 நிமிடம் திறந்துவைத்தால் 30 லிட்டர் வீணாகும். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் உள்ளிட்ட ஏரிகள் வறண்டதைக் கண்டவர்கள் இந்தக் கணக்கை மறக்கமாட்டார்கள்.

மென்மையான நீருக்கு வீட்டிலேயே வழி உண்டு. 2003இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு பெரும்பாலும் நிலத்துக்குள் நீரை இறக்குவதற்கே பயன்படுகிறது. அதில் ஒரு குடத்தைத் தூய்மையாகப் பிடித்து மூடிவைத்தால் பல நாள் சவரத்துக்குப் போதும். ஆர்.ஓ. இயந்திரத்தின் குடிநீரும் பயன்படும். அந்த இயந்திரம் கழிவாக வெளியேற்றும் நீரில் உப்பு இன்னும் செறிந்திருப்பதால் அதைக் கடைசி அலசலுக்குப் பயன்படுத்தக் கூடாது. கொதிக்கவைத்து ஆறவிட்டால் பைகார்பனேட்டால் வரும் தற்காலிகக் கடினத்தன்மை அடியில் வெண்படிவாகத் தங்கிவிடும். தெளிந்த மேல்நீரை எடுக்கலாம். சல்பேட், குளோரைடு ஆகியவற்றால் வரும் நிரந்தரக் கடினத்தன்மை கொதித்தாலும் போகாது. படிகாரம் கலங்கல் நீரைத் தெளியவைக்கும், கடினத்தன்மையை நீக்காது.

சவரம் முடிந்ததும் கருவியைக் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் அலசி உதறி, துண்டுகளை மட்டும் துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். பிளேடின் கூர்முனையைத் துடைக்கக் கூடாது. முனையும் மழுங்கும், கையும் வெட்டும். வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் இழையைத் தேய்க்கலாம். வெண்காரை பிடித்திருந்தால் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் கலந்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துத் தேய்த்தால் கரையும். இரவு முழுவதும் ஊறவிட்டால் பூச்சும் துத்தநாகமும் பாதிக்கப்படும். உலர்ந்த இழையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் இட்டால் திருகு இலகுவாக ஓடும்.

தேய்ந்த பிளேடைக் குப்பையில் அப்படியே போடுவது தூய்மைப் பணியாளரின் கையை வெட்டும். மூடியில் பிளவு போட்ட பழைய தகர டப்பாவில் சேர்த்துவைத்து, நிறைந்ததும் ஒட்டி மூடி, தனியாகச் சொல்லிக் கொடுப்பதே முறை.

நிறைவு

மூன்று துண்டுச் சவரக்கத்தியின் அடிப்படை அமைப்பு 120 ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. அதைச் சுற்றியுள்ள நீர்தான் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறுகிறது. குழாய்நீர் எட்டிய தெருக்களில்கூடக் கோடையில் போர் தண்ணீர் திரும்பவும் தொட்டிக்கு வருகிறது. பிளேடை மாற்றிப் பார்த்தும் எரிச்சலும் அடைப்பும் தொடரும் வீட்டில், அடுத்த பாக்கெட் வாங்கும் முன் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு பாட்டில்களில் ஒன்றில் போர் தண்ணீரும் மற்றொன்றில் மழைநீர் அல்லது ஆர்.ஓ. நீரும் சம அளவில் எடுத்து, ஒரே அளவு சோப்புத் துருவலைப் போட்டுக் குலுக்க வேண்டும். ஒன்றில் நுரை பொங்கி நின்று, மற்றொன்றில் வெள்ளைத் திரிவு மிதந்தால், மாற்றவேண்டியது பிளேடையா தண்ணீரையா என்பது தெரிந்துவிடும்.